ஐம்பது வீட்டுச் சம்மதம்

மதினி,

பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கந்தசாமியின் சோளக்காடு. மயில் இறங்காமல் இருக்கக் காட்டைச் சுற்றிக் குச்சி ஊன்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறான். மூன்றாவது குச்சிக்கும் நாலாவது குச்சிக்கும் நடுவில் உங்க மாம்பழக் கலர் சேலை. ஊதா பார்டர் வெளுத்துவிட்டது. முந்தியில் நீங்க வைத்துத் தைத்த ஒட்டு அப்படியே இருக்கிறது. காற்று அடிக்கும்போது உப்பிக்கொண்டு ஆள் நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது. காலையிலிருந்து ரெண்டு தடவை, நீங்கதான் வரப்பில் நிற்கிறீங்க என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

எழுந்து எங்கே போக? நான் இன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. நம்ம பேத்தி ஜோதி போட்ட உத்தரவு. "நீ வாசப்படியத் தாண்டக் கூடாது அப்பத்தா. தாண்டினா நான் இப்படியே மதுரைக்குப் பஸ்ஸு ஏறிருவேன்" என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அவளும் அவளுடைய வாத்தியாரம்மாவும் தெருவுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணி பாதியாய் வற்றின பிறகுதான் பார்த்தேன். யாரிடமாவது பேசினால் தேவலை. ஐந்தாவது வரை படித்த எழுத்து இருக்கிறதே என்று ஜோதியின் பழைய நோட்டில் கடைசித் தாள்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்க போய் ரெண்டு வருஷம் முடியப் போகிறது. இந்தச் சேலையை உங்க மக பீரோவில் அடித்தட்டில் மடித்து வைத்திருந்தாள். போன வாரம் கந்தசாமி வந்து, "பழஞ்சேலை இருந்தாக் குடு தங்கச்சி, கதிரு பால் பிடிக்குது, மயிலு அட்டகாசம் தாங்க முடியல" என்று கேட்கவும், நாலைந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். தெரியாமல் கொடுக்கவில்லை. "எங்கம்மா இருந்தா அவுகளே குடுத்திருப்பாக. பீரோவுக்குள்ள கெடந்து என்னத்துக்கு ஆகப் போகுது" என்றாள். என் மருமகளாக வந்து இத்தனை வருஷம் ஆகியும் பேச்சில் உங்க மகதான்.

வியாழக்கிழமை காலையில் இந்தச் சேலையை அந்தக் காட்டில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சேலைக்காக இல்லை. கந்தசாமி அதைக் கட்டினான் பாருங்க, அதற்காக.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, கல்யாணம் பேசுகையில் நீங்க எங்க வீட்டைப் பார்க்க வந்த நாள்? வந்தவர்கள் எல்லாம் வீடு நல்லா இருக்கு, மாடு நல்லா இருக்கு, காத்து நல்லா வருது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்க ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "தண்ணி உப்பா இருக்கே மதினி. எம் மக குடிச்சுப் பழகக் கொஞ்ச நாளாகும்" என்றீங்க. எங்க ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. நான் ரெண்டு வருஷம் அதை மனசில் வைத்திருந்தேன். நீங்களோ கல்யாணம் முடிந்த மாசத்திலிருந்து, வருகிறபோதெல்லாம் எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து உங்க ஊரிலிருந்து ஒரு கேன் நல்ல தண்ணியோடு பஸ்ஸில் வந்து இறங்குவீங்க. "ஏம்மா, திருச்சுழிப் பக்கம் தண்ணியே கெடையாதா?" என்று கண்டக்டர் கேலி பண்ணினால், "இருக்கு. வாயில வைக்க முடியாது" என்று அவரிடமும் உள்ளதையே சொல்வீங்க.

ஜோதி வளர்ந்தது நம்ம ரெண்டு பேருக்கும் நடுவில். அவள் பரிசு வாங்கினால் நான் எம் பேத்தி என்பேன், நீங்களும் எம் பேத்தி என்பீங்க. பாலைக் கொட்டினால் மட்டும் ஒங்க பேத்தி, ஒங்க பேத்தி என்று ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளுவோம். ஏழாவதில் பள்ளிக்கூட விழாவில் மைக் பிடித்துப் பேசிவிட்டு ஓடி வந்தாளே. "ஒன்னய மாதிரி எவளும் பேசல தாயி" என்று நான் நெட்டி முறித்தேன். நீங்க, "நடுவுல மறந்து போச்சு, இருமுற மாதிரி சமாளிச்ச. எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றீங்க. அவள் அழுதாள். அப்புறம் சிரித்தாள். அதிலிருந்து எதைச் செய்தாலும் என்னிடம் காட்டிவிட்டு, "இரு, அம்மாச்சிகிட்டயும் காட்டிட்டு வாரேன்" என்று போவாள். என்னிடம் ஏன் காட்டினாள், உங்களிடம் ஏன் காட்டினாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது அவள் இஞ்சினியர் படிப்பில் மூன்றாம் வருஷம். அந்தக் காலேஜில் சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கென்றே தனிக் கட்டடம் இருக்கிறது மதினி. என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். நீள நீளமாய் மேசை, ஒயர், பற்றவைக்கிற புகை நாத்தம். இடியாப்பம் பிழிகிற மாதிரி பிளாஸ்டிக்கை நூலாகப் பிழிந்து, அடுக்கடுக்காய்க் கட்டி ஒரு சாமானையே எழுப்புகிற மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் எடுத்து வேலை செய்யலாமாம். பிள்ளையும் வாத்தியாரும் கூட்டாகவே கம்பெனி வைக்கலாமாம். அப்படி வைக்கிற வாத்தியாருக்கு வகுப்பைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். யோசனை யாருடையது, பொருளில் யாருக்கு என்ன பாத்தியதை என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். வக்கீல் வருகிறார், வெளியில் தொழில் நடத்துகிறவர்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள்.

"வேலைக்குப் போகத்தான காலேஜு? வேலை குடுக்கவா காலேஜு?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான் அப்பத்தா."

அவளும் வாத்தியாரம்மாவும் செய்தது மயில் விரட்டுகிற மிஷின். ஒரு கம்பம், மேலே சோலார் தகடு, கீழே ஒரு டப்பா. மயில் காட்டுக்குள் கால் வைத்தால் டப்பா கண்டுகொண்டு நாய் மாதிரி குரைக்கும், வேட்டுப் போடும், விளக்கு மின்னும். எத்தனை தடவை குரைத்தது என்று அதுவே எண்ணியும் வைத்துக்கொள்ளும். விதைத்த விதையை மயில் கிண்டித் தின்றுவிட்டுப் போவதைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அல்லவா. வாத்தியாரம்மா கைக்குழந்தைக்காரி. பிள்ளையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு இதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தாள்.

அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாக ஒரு சார் இருக்கிறார். மிஷினை நிறையச் செய்வதற்கு முன்னால் ஐம்பது வீட்டுக்காரர்களிடம் நேரில் பேசிவிட்டு வரவேண்டும் என்பது அவர் போட்ட விதி. வாங்குவீங்களா என்று கேட்காதே, இப்போது என்ன செய்கிறீங்க என்று கேள் என்று சொல்லி அனுப்பினாராம். பிள்ளை ஊருக்கு வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். "தனியாப் போனா எவன் கதவத் தொறப்பான்? நானும் வாரேன்" என்று முன்னால் நடந்தேன். ஐம்பது வாசலிலும், "இது எம் பேத்தி, இஞ்சினியரு, சொந்தமா மிஷினு செஞ்சிருக்கா" என்று நான் சொன்ன பிறகுதான் அவள் வாயைத் திறக்க முடிந்தது.

கந்தசாமி வீட்டில் நல்ல சிரிப்பு. "மயிலு வந்தா நாயி மாதிரி குரைக்குமா?" என்றான்.

"ஆமா மாமா. மயிலுன்னு இல்ல, யாரு உள்ள வந்தாலும் குரைக்கும்."

"எம் பொண்டாட்டி வந்தாலுமா? அப்ப ரெண்டாக் குடு."

உள்ளேயிருந்து அவன் பொண்டாட்டி, "ஒண்ணு போதும் ஜோதி. வீட்டுல குரைக்க ஏற்கெனவே ஆளு இருக்கு" என்றாள்.

"நெசமா வாங்குவீகளா மாமா?" என்று ஜோதி கேட்டாள். சார் கேட்கக் கூடாது என்று சொன்ன கேள்வி. கந்தசாமி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "அயித்த கூட வந்து நிக்கையில வாங்காம இருப்பனா? எழுதிக்க தாயி" என்றான்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். காப்பி கொடுத்தார்கள், முறுக்குக் கொடுத்தார்கள். நம்ம ஊரில் வீடு தேடி வந்த பொம்பளைப் பிள்ளையிடம், அதுவும் அப்பத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஐம்பது பேரும் சம்மதம் என்று நோட்டில் ஏறியது. முதல் பெயர் என் பெயர். நீங்க இருந்து உங்க வாசலுக்கும் வந்திருந்தால் ஒன்றாவது குறைந்திருக்கும்.

ஐப்பசியில் சோளம் விதைத்ததும் நம்ம காட்டிலேயே மிஷினை நட்டுப் பதினைந்து நாள் பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் ரெண்டு நாள் மயில் எல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓடியது. என் வெள்ளாடுகூடக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜோதிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன்.

அஞ்சாம் நாள் காலையில் போகிறேன், பொட்டை மயில் ஒன்று மூன்று குஞ்சுகளோடு கம்பத்துக்கு அடியிலேயே கொத்திக்கொண்டிருக்கிறது. டப்பா குரைக்கிறது. அது தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆண் மயில் சோலார் தகட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்து, கச்சேரி கேட்கிற மாதிரி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்போதே போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். வரப்பில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன் மதினி. பிள்ளை ராப்பகலாய்க் கண் முழித்தது, வாத்தியாரம்மா கைக்குழந்தையை விட்டுவிட்டு அலைந்தது, காலேஜிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப் போவது எல்லாம் ஒன்றாய் நினைவுக்கு வந்தது. போனை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடிகிற நேரத்தில் காலி எண்ணெய் டின்னும் குச்சியுமாய்க் காட்டுக்குப் போய் நானே மயிலை விரட்டினேன்.

பத்து நாள் விரட்டினேன். முதல் நாள் காட்டுக்குள் இறங்கினதும் டப்பா என்னைப் பார்த்தே குரைத்தது. அது எண்ணிக்கையில் ஏறும் என்று ஜோதி சொன்னது நினைவு வந்து, அப்புறம் வெளி வரப்போடு நின்றுகொண்டேன். முருகா, ஒன் வாகனத்த வெரட்டுறேன், கோவிச்சுக்காதே என்று சொல்லிக்கொண்டே டின்னைத் தட்டினேன். காலில் முள், உள்ளங்கையில் கொப்புளம். சனிக்கிழமை வந்த ஜோதி கொப்புளத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். விறகு ஒடித்தேன் என்றேன். மருந்து தடவிவிட்டாள்.

டப்பாவில் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்து, கடைசி நாலு நாள் ஒன்றுமே இல்லை. "மயிலுக்கு இப்படி ஒரு காடு இருக்குறதே மறந்து போச்சு அப்பத்தா" என்று ஜோதி குதித்தாள். பொறுப்பு சாரும் வந்தார். தன்மையான மனுசன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மா, இது ஒங்களுக்கு நெசமாவே பிரயோசனமா இருக்கா?" என்று கேட்டார். நான் சொல்லக் கிடைத்த இடம் அது. ஜோதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நிம்மதி ஐயா" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாய் நடந்தது. காலேஜில் அவர்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தனி அறை. வாத்தியாரம்மாவுக்குப் பாதி வகுப்பு. ஜோதி விரும்பினால் ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுக் கம்பெனி வேலையை மட்டும் பார்க்கலாம், திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். காலேஜு தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம்ம பக்கத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது வெறும் ஒரு வருஷமா? கூடப் படித்ததுகள் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடும். பாதியில விட்டுட்டாளாமே என்று ஊர் பேசும். மாப்பிள்ளை பார்க்கலாமா என்று சொந்தம் கிளம்பும். மிஷின் ஓடினால் இதையெல்லாம் ஊதித் தள்ளிவிடலாம். ஓடாது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

படிப்பை நிறுத்தி வைக்கக் கொடுக்கிற படிவத்தில் அப்பன் கையெழுத்து வேண்டும். என் மகன் லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கு இதுல ஒண்ணும் வெளங்கலம்மா. நீ கண்ணால பாத்தவ. வேலை செய்யுதா? செய்யுதுன்னு நீ சொன்னாப் போட்டுர்றேன்" என்றான். உங்க மக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"செய்யுதுய்யா" என்றேன்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் போடுகிறேன் என்று டிவிப் பெட்டி மேல் படிவத்தை வைத்தான். அந்த ஞாயிறு வருவதற்கு முன்னால், இந்த வியாழக்கிழமைதான் உங்க சேலையைக் கந்தசாமி காட்டில் பார்த்தேன். ஐம்பதில் ரெண்டாவது பெயர் அவனுடையது. ரெண்டு மிஷின் கேட்டவன்.

அவனிடமே போய் நின்றேன். "மிஷினு வாங்குறேன்னியேப்பா, சேலையக் கட்டியிருக்க?"

அவன் குச்சியை ஊன்றிக்கொண்டே, "பிள்ள மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது அயித்த. நீங்களும் கூட நின்னீக" என்றான். அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டு, "அது போக, அந்தப் பத்து நாளும் ஒங்க காட்டு மயிலு பூராம் என் காட்டுலதான் மேஞ்சுச்சு. நீங்க டின்னு தட்டுறது எனக்குக் கேக்காதா?" என்றான்.

"தெரிஞ்சா ஜோதிகிட்டச் சொல்ல வேண்டியதுதானப்பா?"

"நீங்களே சொல்லாதத நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஊரே காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது மதினி. என் முகத்துக்காக. அந்தப் பிள்ளைக்கு ஐம்பது வீட்டில் ஒரு வீடு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். ஒருத்தரும் சொல்லவிடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவள் நான்.

ஜோதியை வரச் சொல்லிப் போன் பண்ணினேன். உடம்புக்கு என்னமோ என்று பயந்து நேற்று மதியமே வந்துவிட்டாள். வந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். முடியவில்லை, ரெண்டாவது வாயிலேயே சொல்லிவிட்டேன். முதலில் அவள் சிரித்தாள். நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எத்தன நாளு?"

"பத்து."

இடது கையால் போனை எடுத்து, அந்த எண்ணிக்கையைக் கோடு போட்டு வைத்திருந்த படத்தைத் திறந்தாள். மேலேயிருந்து கீழே சரிந்து வருகிற கோடு. காலேஜில் எல்லோருக்கும் காட்டின கோடு. "அப்ப இது மிஷினு இல்லையா? இந்தக் கோடு நீயா அப்பத்தா?" என்றாள்.

அவளே நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். "மொதப் பேரு ஒம் பேரு. நீ வாங்குவியா?"

"எம் பேத்தி செஞ்சத நான் வாங்காம..."

"நான் ஒம் பேத்தி இல்லன்னு வச்சுக்க. எவளோ ஒருத்தி கொண்டு வந்து விக்கிறா. வாங்குவியா?"

உங்களை நினைத்துக்கொண்டேன். "வாங்க மாட்டேன் தாயி" என்றேன்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. போனில் வாத்தியாரம்மாவிடம் பேசினது அரைகுறையாய்க் கேட்டது. "சாரி மேம், சாரி மேம்" என்று என் பேத்தி என் தப்புக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து, "நாளைக்கு மேம் வாராங்க. மறுபடி வீடு வீடாப் போறோம்" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

வாத்தியாரம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. காலையில் வந்ததும் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தழும்பு இருக்கிறது. "எங்க மிஷின விட நீங்க நல்லா வேலை செஞ்சிருக்கீங்கம்மா" என்றாள். கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பொறுப்பு சாரிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் திட்டவில்லையாம். மறுபடி கேட்டுட்டு வாங்க, அறை அப்படியே இருக்கும், படிப்ப நிறுத்துறதா வேண்டாமான்னு மட்டும் திங்கக்கிழமை சொல்லுங்க என்றாராம்.

இதோ, ஜன்னல் பக்கம் பேச்சுக் கேட்கிறது. கந்தசாமி காட்டு வரப்பில் ரெண்டு பேரும் நிற்கிறார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"என்ன தாயி, இன்னிக்கு அயித்தயக் காணோம்?"

"வரல மாமா. நான் விக்க வரல. மயிலுக்கு நீங்க வெதச்ச நாளுலேருந்து என்னென்ன செய்யுறீகன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

கந்தசாமி பேச ஆரம்பித்தான் மதினி. நிறுத்தவில்லை. எந்தச் சத்தமானாலும் மயில் நாலு நாளில் பழகிக்கொள்ளும் என்றான். கம்பத்தில் தகட்டை விட்டுவைக்க மாட்டார்கள், கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றான். முளை விட்ட பத்து நாளும் கதிர் பால் பிடிக்கிற பத்து நாளும்தான் காவல், மற்ற நாளெல்லாம் அது சும்மா நிற்கும் என்றான். "கோவிச்சுக்காத தாயி, இது எனக்கு வேணாம்" என்றான். "கோவம் இல்ல மாமா, சொல்லுங்க" என்று ஜோதி சொன்னது கேட்டது.

இப்போதுதான் வந்தார்கள். இருபது வீட்டுக்குப் போனார்களாம், வாங்குகிறேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையாம். நோட்டில் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறாள். ஜோதி ஒரு செம்புத் தண்ணியைக் குடித்துவிட்டு டிவிப் பெட்டி மேலிருந்த படிவத்தை எடுத்து நாலாய் மடித்தாள். "அப்பாவக் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லிரு அப்பத்தா. நான் படிப்ப முடிக்கிறேன். சாயங்காலம் சாயங்காலம் அந்தக் கட்டடத்துல போயி வேலை பாத்துக்கிறேன்" என்றாள். வாத்தியாரம்மாவும் விட்ட வகுப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வாளாம். ரெண்டு பேர் முகத்திலும் சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. நான் பிள்ளையைக் காப்பாற்றினேனா, அவள் ஆசையைக் கெடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவீங்க. "கெடுத்தது ஐப்பசியில" என்பீங்க.

இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் முற்றத்துக் குழாயில் கை கால் கழுவப் போயிருக்கிறார்கள். அவர்கள் உள்ளே வருவதற்குள் இன்னொன்றை எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்தான் இதுவரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை. டாக்டர் காலையிலேயே எங்களை வெளியே கூப்பிட்டு, ரெண்டு நாளோ மூணு நாளோ என்று சொல்லிவிட்டார். உங்க மக சுவரில் சாய்ந்து அழுதாள். நான் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீங்க என் கையைப் பிடித்து, "நீங்களாவது சொல்லுங்க மதினி. நான் வீட்டுக்குப் போவேனா?" என்றீங்க. ஊருக்கெல்லாம் உள்ளதைச் சொன்ன நீங்க, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இன்னொருத்தரிடம் உள்ளதைக் கேட்டீங்க. "நாளைக்கே போயிரலாம், எந்திரிச்சுக் கஞ்சி குடிங்க" என்றேன்.

நீங்க என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீங்க. அப்புறம், "சரி. ஜோதியப் பாக்கணும் போல இருந்துச்சு. அப்ப அவ பரிச்சைய முடிச்சுட்டே வரட்டும்" என்றீங்க.

புதன்கிழமை சாயங்காலம் நீங்க போய்விட்டீங்க. வியாழக்கிழமை அவள் வந்தாள். உங்க காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மாச்சி என்னையக் கேக்கவே இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பொய் வெளியே தெரிந்துவிடுமே என்று, "நெனவு இல்ல தாயி, யாரையும் கேக்கல" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ரெண்டு வருஷமாய் அவள் உங்க படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

மூணு மணி பஸ்ஸுக்கு வாத்தியாரம்மாவை ஏற்றிவிட்டு ஜோதி தனியாகத் திரும்பி நடந்து வருவாள். என்னை வாசப்படி தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். படியிலேயே உட்கார்ந்திருப்பேன். கேட்டாக தாயி, ஒன்னயத்தான் கேட்டாக, நான்தான் கூப்பிட விடல என்று சொல்ல வேண்டும். இந்தத் தடவை மதினி, சொல்லிவிடுவேன்.